ஒன்பதாவது இலக்கம்

போன வாரம் உங்களில் ஒரு பிள்ளை என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். பதினெட்டு இலக்க எண்களாக ஒரு பட்டியலைத் திரையில் காட்டினான். எல்லா வரியிலும் கடைசி மூன்று இலக்கம் சைபர். இது என்னப்பா என்றேன். "காட்டுறதுலதான் மேடம் அப்படி வருது, உள்ள சரியாத்தான் இருக்கும்" என்றான். உள்ளே போய்ப் பார்த்தாயா என்றேன். பார்க்கவில்லை. அதற்குத்தான் அத்தனை திட்டு.

அப்புறம் கேன்டீனில், "மூணு சைபருக்கு இந்தம்மா ஏன் இப்படிக் குதிக்குது" என்று பேசிக்கொண்டீர்களாம். எனக்கு மூட்டுதான் போயிருக்கிறது, காது நன்றாகக் கேட்கும். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு வகுப்பு எடுக்கச் சொன்னால் இப்படிச் சில தொல்லைகள் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பாடம் கிடையாது. ஏன் குதிக்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனி. இரும்பை உருக்கி, மண்ணில் செய்த அச்சுக்குள் ஊற்றி, வண்டிகளுக்கான பாகங்களை வார்ப்பார்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம். நான் அங்கே பஞ்ச் ரூமில் சேர்ந்தேன். கணக்குகளை அட்டையில் ஓட்டை ஓட்டையாகப் போட்டுக் கம்ப்யூட்டர் தின்பதற்குக் கொடுக்கிற வேலை. கல்லூரியில் புள்ளியியல் படித்தவள்தான். ஆனால் பெண் என்றால் பஞ்ச் ரூம் என்று அப்போது எங்கும் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. என்னோடு படித்து என்னைவிடக் குறைவாக மார்க் வாங்கியவன் நேராகப் புரோகிராம் எழுத உட்கார்ந்தான். அவனுக்கு நான் ஓட்டை போட்டுக் கொடுத்தேன்.

அந்த அறையிலிருந்து என்னை வெளியே இழுத்து, அட்டைகளைச் சரிபார்க்கவும் புரோகிராம் கற்றுக்கொள்ளவும் உட்கார வைத்தவர் எங்கள் செக்‌ஷன் ஹெட். அவர் பெயரையும் சொல்லப் போவதில்லை. நல்ல மூளை, அதைவிட நல்ல பொறுமை. "மெஷின் பதில் சொன்னா உடனே நம்பாதே, பதில் தெரிஞ்ச ஒரு கேள்வியை முதல்ல அதுகிட்ட கேளு" என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். இன்றைக்கு உங்களுக்கு நான் சொல்லித் தருகிற பாதி விஷயம் அவருடைய சொத்து. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் பிறகு தேவைப்படும்.

கம்பெனிக்கு ஒரு தலைவலி இருந்தது. வாங்குகிறவர்கள், விரிசல் விட்ட வார்ப்புகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எந்த நாளில், எந்த ஷிஃப்டில், யார் கையில் வார்த்தது உடைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு வார்ப்பின் முதுகிலும் எண் அடித்திருக்கும். வருஷம், மாதம், தேதி, ஷிஃப்ட், கடைசியில் பெஞ்சு. மொத்தம் எட்டு இலக்கம். அச்சு செய்கிற மோல்டர்களுக்குப் பத்துப் பெஞ்சுகள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை அந்தந்த எண். பத்தாவதற்கு ஒரே இலக்கத்தில் இடம் இல்லை என்று சைபர் போட்டார்கள். அதனால் பத்தாம் பெஞ்சுக்குப் பெயரே சைபர் பெஞ்சு.

எங்கள் மெஷின் இருக்கிறதே, அது ஓர் அறை முழுக்க உட்கார்ந்திருக்கும். மனிதர்களுக்கு மின்விசிறி, அதற்கு ஏர்கண்டிஷன். அவ்வளவு மரியாதை வாங்கிக்கொண்ட அந்தப் பூதத்துக்கு முழு எண் என்று சொல்லிக் கொடுத்தால் ஐந்து இலக்கத்துக்கு மேல் தாங்காது. தசமப் புள்ளி வைத்த எண் என்று ஏமாற்றிக் கொடுத்தால் எட்டு இலக்கம் வரை பிடித்துக்கொள்ளும். செக்‌ஷன் ஹெட் ஏமாற்றித்தான் கொடுத்தார். அட்டையில் தனித்தனியாக இருக்கிற வருஷம், மாதம், தேதி எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டி ஒரே பெரிய எண்ணாக்கினார். அப்படி ஆக்கினால்தான் வரிசைப்படுத்த வசதி. வரிசைப்படுத்தி முடித்ததும் அதே எண்ணை மறுபடி உடைத்து, கடைசி இலக்கத்தை வைத்து, எந்தப் பெஞ்சில் எத்தனை என்று எண்ணி அச்சடிப்பார். ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது. விரிசல் எல்லாப் பெஞ்சிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. யாரையும் பிடித்துத் தொங்கவிட முடியவில்லை என்று ஒர்க்ஸ் மேனேஜருக்குத்தான் வருத்தம்.

பிறகு இரண்டாவது உலை வந்தது. எந்த உலை என்று தெரிய வேண்டாமா? எண்ணில் ஓர் இலக்கம் நடுவில் சேர்ந்தது. எட்டு ஒன்பதாயிற்று.

புரிந்துவிட்டதா? உங்களுக்கு இப்போது புரிகிறது. அன்றைக்கு யாருக்கும் புரியவில்லை. ஒன்பது இலக்கம் கொடுத்தால் மெஷின் எட்டை வைத்துக்கொண்டு ஒன்பதாவதைக் கீழே போட்டுவிடும். அச்சடிக்கும்போது ஒன்பது இலக்கம் கேட்கிறார்களே என்று அந்த இடத்தில் ஒரு சைபரைப் போட்டு நிரப்பிவிடும். ஏழாம் பெஞ்சில் வார்த்தது உள்ளே போகும்போது 710412217. வெளியே வரும்போது 710412210. மூன்றாம் பெஞ்சும் சைபர், ஒன்பதாம் பெஞ்சும் சைபர். முனகவில்லை, மணி அடிக்கவில்லை, சிவப்பு விளக்கு எரியவில்லை. வரி வரியாக, நெற்றியில் நீறு பூசின மாதிரி சுத்தமாக அச்சடித்துத் தந்தது.

அந்த மாதம் திரும்பி வந்த அத்தனை வார்ப்பும் சைபர் பெஞ்சில் செய்தது என்று அறிக்கை போயிற்று. மற்ற ஒன்பது பெஞ்சிலும் ஒன்றுகூட இல்லை.

இப்படி ஒரு பதில் வந்தால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? சந்தேகப்பட வேண்டும். உலகத்தில் எந்தத் தப்பும் அவ்வளவு ஒழுங்காக ஒரே ஆள் வீட்டு வாசலில் போய் நிற்காது. ஆனால் ஒர்க்ஸ் மேனேஜருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மெஷின் வாங்கியதற்கு இப்போதுதான் அர்த்தம் கிடைத்தது என்று செக்‌ஷன் ஹெட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

சைபர் பெஞ்சில் நின்றவர் காதர் பாய். பூந்தமல்லிக்காரர். நாற்பது நாற்பத்தைந்து வயசிருக்கும். உலைக்குப் பக்கத்துப் பெஞ்சு அது, எப்போதும் அனல். யாரும் நிற்க விரும்பாத இடத்தில் அவரை நிற்க வைத்ததற்குக் காரணம் இருந்தது. மட்டமான களிமண் வாங்கிப் போடுகிறார்கள், அச்சு ஈரம் வாங்குகிறது, அதனால்தான் விரிசல் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னவர். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் கம்பெனியில் இளைத்தவனைத் தேட வேண்டிய வேலைகூட இல்லாமல் போயிற்று, மெஷினே காட்டிக் கொடுத்துவிட்டது.

வேலையை மட்டும் பிடுங்கினால் பரவாயில்லை. வேண்டுமென்றே சரக்கைக் கெடுத்தார் என்று குற்றச்சாட்டு, அதற்கு ஒரு விசாரணை. அந்தப் பெயரோடு வெளியே போனால் எஸ்டேட்டில் எந்த வார்ப்படக் கம்பெனி வாசலையும் மிதிக்க முடியாது. அவருக்குத் தெரிந்த தொழிலோ அது ஒன்றுதான்.

விசாரணைக்கு முந்தின நாள் எனக்கு ஏனோ மனசு உறுத்தியது. பஞ்ச் ரூமில் அந்த மாத அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். ஓட்டை போட்டவள் விமலா. வெள்ளானூர்ப் பெண். வீட்டில் எல்லோரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள், இவள்தான் முதலில் பள்ளிக்கூடம் தாண்டி, ஆவடியில் ரயிலேறி வேலைக்கு வந்தவள். நானும் ஆவடிப் பக்கம், பருத்திப்பட்டு என்பதால் போக வர ஒரே பெட்டி. அவள் போட்ட அட்டைகளில் பெஞ்சு எண்கள் நாலு, ஏழு, இரண்டு, ஒன்பது என்று எல்லாமும் இருந்தன. அச்சடித்த காகிதத்தில் மட்டும் எல்லாம் சைபர்.

செக்‌ஷன் ஹெட்டிடம் ஓடினேன். பதில் தெரிந்த கேள்வியை முதலில் கேள் என்று சொன்னவர் அல்லவா? ஏழில் முடிகிற ஓர் அட்டையை நானே போட்டு அவர் முன்னால் ஓட்டினேன். சைபர் வந்தது. மூன்று போட்டேன், சைபர். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எனக்கு இரண்டு நிமிஷம் ஆன விஷயம் அவருக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும், எழுதினவர் அவர்தானே.

"நாளைக்கு நான் பேசுறேம்மா" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். அன்று ரயிலில் விமலாவுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன்.

விசாரணைக்கு அச்சடித்த காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். ஒர்க்ஸ் மேனேஜர், பர்சனல் மேனேஜர், செக்‌ஷன் ஹெட் மூவரும் மேஜைக்கு அந்தப் பக்கம். காதர் பாய் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். காகிதத்தை விரித்து, வரிசையாக நிற்கிற சைபர்களை அவருக்குக் காட்டினார்கள்.

"எனுக்கு இது இன்னான்னு தெரியாது சார்" என்றார் பாய். "ஒட்ஞ்ச சாமானைக் காட்டு. என் கை பட்ட அச்சு எதுன்னு நான் சொல்றேன். அது முதுகுல நம்பர் கீது, நீயே படிச்சுக்கோ."

உடைந்த சாமானை எங்கே காட்டுவது? திரும்பி வருகிற இரும்பை லாரியிலிருந்து இறக்கியதும் உலையில் போட்டு உருக்கிவிடுவது வார்ப்படத்தில் வழக்கம். உருக்கி, மறுபடி அதையே ஊற்றி, மறுபடி விற்றும் ஆகிவிட்டது. அந்த எண்கள் இருந்த இரும்பு வேறு எண்ணோடு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது.

"அது இல்லப்பா. அதனாலதான் மெஷின்" என்றார் பர்சனல் மேனேஜர்.

எல்லோரும் செக்‌ஷன் ஹெட்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் காகிதத்தின் ஓரத்தை மடித்து நிமிர்த்தினார். "ரிப்போர்ட்ல இருக்கிறது இருக்கு சார்" என்றார். அவ்வளவுதான். நாலு வார்த்தை பேசுவதாக ஒப்புக்கொண்டவர் இல்லை அவர், உண்மையைப் பேசுவதாக ஒப்புக்கொண்டவர்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "சார், கடைசி இலக்கம் பொய். மெஷினால ஒன்பது இலக்கம் பிடிக்க முடியாது. அட்டையில எல்லாப் பெஞ்சும் இருக்கு, கொண்டு வந்து காட்டட்டுமா?" என்றேன்.

ஒர்க்ஸ் மேனேஜர் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீ பஞ்ச் ரூம்லேர்ந்து வந்தவதானே? அட்டையும் மெஷினும் வேற வேற சொன்னா, தப்பு யார் மேல இருக்கும்? ஓட்டை போடுறது பொம்பளைங்க. கணக்குப் போடுறது மெஷின்."

செக்‌ஷன் ஹெட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காகித ஓரத்தை இன்னும் மடித்துக்கொண்டிருந்தார். காதர் பாய் அன்றைக்கே வெளியே போனார்.

ஏன் சார் என்று பிறகு கேட்டேன். அவர் சொன்னது: "மெஷினுக்கு ஒன்பது எண்ணத் தெரியாதுன்னு சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. அப்புறம் இந்த செக்‌ஷன் எதுக்கு? நான், நீ, விமலா எல்லாரும் ரோட்டுலதான்." அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் நாலு கெட்ட வார்த்தை சொல்லி மறந்திருப்பேன். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த வாயே அன்றைக்கு மூடிக்கொண்டது, அதைத்தான் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. காதர் பாய் போன பிறகு சைபர் பெஞ்சில் நிற்க ஆள் கிடைக்கவில்லை. போய் நில் என்றால், "நான் போவ மாட்டேன் நைனா, அங்க நின்னா மெஷினு போட்டுக் குடுத்துடும்" என்று ஒவ்வொரு மோல்டரும் ஒதுங்கினார். பெஞ்சு காலியாகக் கிடந்தது. அதன்மேல் சாப்பாட்டு டப்பாக்களை வைத்தார்கள்.

அடுத்த மாத அறிக்கை வந்தது. திரும்பி வந்த அத்தனை வார்ப்பும் சைபர் பெஞ்சில் செய்தவை. தேதியும் அந்த எண்ணிலேயே இருந்ததே, காதர் பாய் வெளியே போன பிறகு வந்த தேதிகள். ஆளே இல்லாத பெஞ்சில், சாப்பாட்டு டப்பாக்களுக்கு நடுவில், யாரோ இரும்பை வார்த்து விரிசல் விட வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சிரித்தேன். மனசு விட்டுச் சிரித்தேன். இனிமேல் அவரைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயசு, அந்த அளவுக்குத்தான் உலகம் தெரியும்.

ஒர்க்ஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார். "அந்த ஆளைத் திரும்ப எடுத்துக்கலாம்" என்றார். "ஆனா ஏன் அனுப்பினோம், ஏன் எடுத்தோம்னு ஃபைல்ல ஒரு காரணம் வேணும். பஞ்சிங் தப்புன்னு இருந்தா எல்லாருக்கும் சுலபம். ரெண்டு மாச அட்டையும் போட்டது அந்த வெள்ளானூர்ப் பொண்ணு. சரிபார்க்கிறது நீ. நீ எழுதிக் கையெழுத்துப் போட்டா அவளை அனுப்பிட்டு அவரை எடுத்துக்கறேன்."

மெஷின் தப்புச் செய்ததாக மட்டும் எந்தக் காகிதத்திலும் வரக் கூடாது. அதற்குத் தேங்காய் உடைத்துச் சந்தனம் பூசித் திறந்து வைத்தவர் கம்பெனியின் முதலாளி. அதனால் ஒரு மனிதரின் வேலைக்கு இன்னொரு மனுஷியின் வேலை. எனக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார், பெரிய மனசு.

விமலாவிடம் ரயிலில் சொன்னேன். அவள் அழவில்லை. "அக்கா, நான் ஒரு கார்டுகூடத் தப்பா அடிக்கல" என்றாள்.

மறுநாள் பூந்தமல்லிக்குப் பஸ் பிடித்துப் போனேன். காதர் பாயின் வாழ்க்கை இது, அவருக்குத் தெரியாமல் நான் முடிவு செய்வது நியாயம் இல்லை என்று நினைத்தேன். நீங்கள் இப்படி ஒரு நிலைமைக்கு வந்தால் போவீர்களா மாட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. போகாமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் சம்சாரம் தண்ணீர் கொடுத்தார். பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எனக்காக இன்னொருத்தி வேலை போக வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லிவிட்டால் நான் நிம்மதியாகத் திரும்பிவிடலாம் அல்லவா? என் வசதிக்கு அவர் பெரிய மனுஷராக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன்.

"கையெயுத்துப் போட்டுடும்மா" என்றார் பாய். "அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசு. டைப்பு அடிக்கும், வேற ஆபீசுக்குப் போவும், கண்ணாலம் கட்டிகினு போவும். எனுக்கு யாரு வேலை குடுப்பா? நாலு கம்பேனி ஏறி எறங்கிட்டேன். கேட்டாண்டயே பேரைக் கேட்டுகினு தொரத்துறான். எனுக்கு நாலு புள்ளைங்க கீது. நீ போட்டுடு."

"அவ தப்பு பண்ணல பாய்."

"நான் பண்ணனா?"

புள்ளியியலில் இதற்குச் சூத்திரம் கிடையாது, தேடாதீர்கள்.

நான் பஞ்சிங் தப்பு என்று கையெழுத்துப் போடவில்லை. அட்டைகள் சரி, மெஷினில் எட்டு இலக்கத்துக்கு மேல் நிற்காது, அறிக்கைகள் இரண்டும் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒர்க்ஸ் மேனேஜர் படித்துவிட்டு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது எந்த ஃபைலுக்கும் போகவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். காதர் பாயைக் கூப்பிடவில்லை.

அந்த வாரமே செக்‌ஷன் ஹெட் புரோகிராமைத் திருத்தினார். எண்ணை இரண்டு துண்டாக வைத்துக்கொண்டால் எல்லா இலக்கமும் நிற்கும், அரை நாள் வேலை. அது அவருக்கும் தெரியும், நானும் சொன்னேன். அவர் செய்தது வேறு. அறிக்கையில் கடைசி இலக்கத்தை அச்சடிக்காமல் நிறுத்தினார். தேதி உண்டு, ஷிஃப்ட் உண்டு, உலை உண்டு, பெஞ்சு கிடையாது. விரிசல்கள் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தன. மட்டமான களிமண்ணும் வந்துகொண்டிருந்தது. யார் வார்த்தது என்று இனி யாருக்கும் தெரியாது என்பதால் எல்லோருக்கும் நிம்மதி. அவரிடம் அதற்குப் பிறகு நான் வேலை கற்றுக்கொண்டேன், மரியாதையாகப் பேசினேன், அவர் ஓய்வு பெற்றபோது மாலைகூடப் போட்டேன். ஒரு தடவைகூடச் சந்தேகம் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் பஞ்சிங் வேலையை மொத்தமாக வெளியே கொடுத்துவிட்டார்கள். பட்டணத்தில் ஒருவன் குறைந்த செலவில் ஓட்டை போட்டுத் தருகிறானாம். பஞ்ச் ரூமைப் பூட்டிப் பெண்களை எல்லாம் அனுப்பினார்கள். விமலாவும் போனாள். ஃபைலில் அவள் பெயரில் ஒரு கறையும் இல்லை. வீட்டில் உட்கார்ந்தாள், கொஞ்ச நாளில் அவள் அம்மாவோடு நாற்று நடப் போனாள் என்று கேள்விப்பட்டேன். அவள் வேலையைக் காப்பாற்றினேன் என்று நான் மார்தட்டிக்கொள்ள ஒரு வருஷம்கூடக் கிடைக்கவில்லை. மெஷினை மட்டும் யாரும் திருப்பி அனுப்பவில்லை.

சில வருஷம் கழித்துப் பூந்தமல்லி மார்க்கெட் பக்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "மெஷினம்மா!" என்று ஒரு குரல். ஒரு சின்னக் கடை, அலுமினியப் பாத்திரங்களுக்கு ஒடுக்கு எடுக்கிற கடை. காதர் பாய் குண்டான் ஒன்றை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. இரும்பை வார்த்த கை இப்போது அலுமினியத்தைத் தட்டுகிறது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன், பஸ் வரவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ சொல்லப் போனார், வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் தட்டினார்.

"உம் மேல எனுக்கு ரொம்பக் கோவம் இருந்திச்சும்மா" என்றார். "ஊட்ல சொல்லிகினே இருப்பேன், ஒரு கையெயுத்துப் போடல பாருன்னு. இப்ப இல்ல. உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க பாய்."

"அந்தப் பொண்ணு பேர்ல தப்புன்னு எதுனா எயுதினாங்களா?"

"இல்ல பாய். எதுவும் எழுதல."

"வேலைல கீதா?"

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"இருக்கா பாய். நல்லா இருக்கா."

அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்குத்தான் அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "அப்ப சரி" என்றார். "ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் தப்பிச்சோம்."

எனக்கும் அன்றைக்கு எட்டு இலக்கம்தான் பிடித்தது. ஒன்பதாவதைக் கீழே போட்டுவிட்டு, அந்த இடத்தை நிரப்பிச் சுத்தமாகக் காட்டிவிட்டேன். பாய் பாவம், அதை நம்பினார். அவர் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.